டூ ஸ்ட்ரோக் ஃபால்ட் பிராக்டிகல்: ரெண்டாவது தடவை நான் மாத்திக்கிட்டது

டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஃபால்ட் கண்டுபிடிக்கிற பிராக்டிகலுக்கு ரெடி ஆகுறவங்களுக்காக எழுதுறேன். எனக்கு முதல் தடவை போச்சு, ரெண்டாவது தடவைதான் பாஸ்.

முதல் தடவை குடுத்த இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு, ஆனா ஐடிலிங் (த்ராட்டில் குடுக்காதப்போ மெதுவா ஓடுறது) நிலையா இல்ல, த்ராட்டில விட்டாலும் ஸ்பீடு இறங்காம கொஞ்ச நேரம் கத்திக்கிட்டே இருந்துச்சு. நான் உடனே கார்புரேட்டர கழட்டி ஜெட்ட (பெட்ரோல் போற சின்ன ஓட்டை) ஊதி, ஃப்ளோட் லெவல் பாத்து மாட்டினேன், அதே கத்தல், மறுபடி கழட்டினேன், டைம் முடிஞ்சிடுச்சு. கடைசில பாத்தா மேக்னெட் (ஸ்பார்க்குக்கு கரண்ட் தர்ற பாகம்) பக்கம் இருக்குற கிராங்க் ஆயில் சீல் போயிருக்கு.

ஃபோர் ஸ்ட்ரோக் மட்டும் படிச்சுட்டு வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான். டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸே (கிராங்க் ஷாஃப்ட் சுத்துற கூடு) ஒரு பம்ப், பெட்ரோல் காத்து கலவை முதல்ல அங்க போய் அழுத்தப்பட்டுதான் டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியா மேல ஏறுது. அதனால சீல்ல ஒரு சின்ன கீறல் இருந்தாலும் வெளிக்காத்து உள்ள வந்து மிக்சர் லீன் ஆயிடும் (காத்துக்கு பெட்ரோல் கம்மி; பெட்ரோல் ஜாஸ்தின்னா ரிச்), பிளக் முனை வெள்ளையா வெளுத்துப் போகும், அப்படியே ஓட்டுனா பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சுக்கும். இதே கிளட்ச் பக்கத்து சீல் போனா கதை வேற, அது கியர் ஆயில உறிஞ்சும், புகை நிக்காம வரும், பிளக் கறுப்பா ஈரமா இருக்கும், கியர் ஆயில் லெவல் குறைஞ்சுக்கிட்டே போகும். ரெண்டும் கிராங்க் சீல் தான், எந்தப் பக்கம்ங்கறத வச்சு அறிகுறி தலைகீழா மாறுது, இத மட்டும் நல்லா மனசுல ஏத்திக்கோங்க.

அதுக்கப்புறம் நான் வச்சுக்கிட்ட பழக்கம், ஸ்பேனர எடுக்குறதுக்கு முன்னாடி டேங்க் மூடில இருக்குற காத்து ஓட்டை அடைச்சிருக்கான்னு பாக்குறது (கொஞ்ச நேரம் ஓடி நின்னு, மூடிய லூஸ் பண்ணா திரும்ப ஓடுதுன்னா அதுதான்), பெட்ரோல் வருதான்னு பாக்குறது, பிளக்க கழட்டி நிறம், ஸ்பார்க் பாக்குறது, அப்புறம் கம்ப்ரஷன். கம்ப்ரஷன் எடுக்கும்போது த்ராட்டில ஃபுல்லா திறந்து பிடிக்கணும், இல்லன்னா ரீடிங் கம்மியா காட்டி உங்கள ஏமாத்திடும். கார்புரேட்டர் எல்லாத்துக்கும் கடைசி.

ரெண்டாவது தடவை வந்த இன்ஜின்ல ஸ்பார்க், கம்ப்ரஷன் ரெண்டும் நல்லா இருந்துச்சு, ஸ்டார்ட்டும் ஆச்சு, ஆனா பிக்கப்பே இல்ல. சைலன்சர் வாய்கிட்ட கையக் காட்டினேன், காத்து தட்டவே இல்ல, மெதுவா கசியிற மாதிரிதான் இருந்துச்சு. சைலன்சர கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா எக்ஸாஸ்ட் போர்ட்ட சுத்தி கார்பன் தடிமனா பிடிச்சு, ஓட்டை பாதியா சுருங்கியிருந்துச்சு. சுரண்டுறதுக்கு முன்னாடி பிஸ்டன டாப்புக்கு கொண்டு வந்து போர்ட்ட மூடிக்கிட்டேன், தூள் சிலிண்டருக்குள்ள விழக்கூடாதுல்ல, மரக்குச்சியாலதான் சுரண்டினேன். ஏன் அப்படி செய்றேன்னு எக்ஸாமினர் கேட்டாரு, அந்தக் காரணத்த சொன்னேன். அதே போர்ட் வழியா பிஸ்டன் மேல நெடுக்க கோடு விழுந்திருக்கான்னும் பாத்து சொல்லுங்க, ஹெட்ட கழட்டாமலே சீஸ் ஆன தடம் தெரிஞ்சிடும்.

வைவால (வாய்மொழித் தேர்வு) ஒரு கேள்வி, பெட்ரோல்ல ஆயில் ஜாஸ்தி கலந்தா மிக்சர் ரிச்சா லீனா? நிறைய பேர் ரிச்னு சொல்வாங்க. ஜெட் வழியா போற அளவு கிட்டத்தட்ட அதேதான், அதுல ஆயில் பங்கு கூடினா பெட்ரோல் பங்கு குறையும், அதனால காத்துக்கு பெட்ரோல் கணக்குல அது லீன். பெட்ரோலுக்கு ஆயில் 50:1னா 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1னா 40 மில்லி, இந்தக் கணக்க யோசிக்காம சொல்ற அளவுக்கு வச்சுக்கோங்க.

இன்னொன்னு, கண்டுபிடிச்சத மனசுக்குள்ளயே வச்சுக்காம ஒவ்வொரு ஸ்டெப்பையும் வாய்விட்டு சொல்லுங்க, "ஸ்பார்க் இருக்கு, அதனால காயில் பக்கம் போகல"ன்னு. எதை ஏன் ஒதுக்குனீங்கங்கறதுக்கும் எனக்கு மார்க் போட்டாங்க.