பிடித்தத்தைத் தள்ளி வைத்திருக்கலாமா

"அந்தப் பணம் கையில இருந்தா அவர் உங்ககிட்ட ஏன் மேடம் வரப்போறார்?"

ஒப்பந்ததாரரைப் பற்றிப் பொறியாளர் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. ஃபைலை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் மன்றத்தின் சமுதாயக் கூடம் கட்டி முடிந்து, கணக்கும் முடிந்து, தணிக்கையும் ஒரு ஆட்சேபணை இல்லாமல் முடிந்துவிட்டது. கேள்வி மட்டும் முடியவில்லை.

தூண், பீம் முடிந்து கூரை போட வேண்டிய கட்டம் அது. ஒப்பந்ததாரர் கேட்டது பெரிய சலுகை இல்லை. வேலை தொடங்க வாங்கிய முன்பணத்தை ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். இந்த ஒரு பில்லில் மட்டும் பிடிக்காமல் விட்டால் கம்பிக்கடை பாக்கியைக் கட்டி, கூரை போட்டுவிடுவேன் என்றார். 2021-இல் இரும்பு விலை ஏறிய நேரம் அது. எங்கள் ஒப்பந்தத்தில் விலை உயர்வுக்கு ஈடு தரும் பிரிவு கிடையாது. ஏறியதெல்லாம் அவர் தலையில்.

முன்பணத்துக்கு அவர் கொடுத்திருந்த வங்கி உத்தரவாதம், அதாவது அவர் திருப்பித் தராவிட்டால் வங்கி எங்களுக்குத் தரும் என்ற பத்திரம், காலாவதியாகும் நிலையில் இருந்தது. நீட்டித்துக் கொண்டுவரட்டும், பிடித்தத்தைத் தள்ளி வைக்கலாம் என்றேன். நியாயமான நிபந்தனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நீட்டிக்க வேண்டுமென்றால் வங்கி மார்ஜின் பணம், அதாவது ஈடாக ஒரு தொகை, கட்டச் சொல்லும். அதைச் சொல்லத்தான் பொறியாளர் அப்படிக் கேட்டார். எங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமானால், வேலைக்குப் போக வேண்டிய பணத்தை அவர் வங்கியில் முடக்க வேண்டும்.

நீட்டிப்பு வரவில்லை. கெடு முடிவதற்குள் உத்தரவாதத்தைப் பணமாக்கித் தரச் சொல்லி வங்கிக்குக் கடிதம் அனுப்பினேன். பணம் வந்தது. அதோடு அவருக்கு வங்கியில் இருந்த கடன் வசதியும் போயிற்று, வேலையும் நின்றது. வேறு வழி இருந்ததா? கெடு தாண்டியிருந்தால் அந்த உத்தரவாதம் வெறும் தாள். கேட்க வேண்டிய நாளில் கேட்காத அலுவலரைத் தணிக்கை சும்மா விடாது. விடவும் கூடாது, அது ஊர்ப்பணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய டெண்டரிலேயே எனக்கு உறுத்தல் இருந்தது. மண்வேலை, அடித்தளத்துக்கெல்லாம் தாராளமான விலை; தளம், கதவு, வண்ணம் போன்ற கடைசி வேலைகளுக்குக் கட்டுப்படியாகாத விலை. மொத்தத்தில் அவர்தான் குறைவு. இப்படி முன்னால் ஏற்றிப் போட்டவருக்குப் பாதி வேலையிலேயே லாபம் கைக்கு வந்துவிடும், மீதியை முடிக்க அக்கறை குறையும் என்று எழுதி, கூடுதல் காப்புத்தொகை வாங்கலாம் என்று குறிப்பு வைத்தேன். குழு ஏற்கவில்லை. அதனால் கூரைக் கட்டத்தில் அவர் வந்து நின்றபோது, பணமில்லாதவர் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் அன்றே சொன்னேனே என்றுதான் தோன்றியது. முடிவை எடுத்தது விதியா, அந்த நினைப்பா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மீதி வேலைக்கு மறு டெண்டர் விட்டோம். விலை கூடித்தான் வந்தது. கூடுதல் செலவை முதல் ஒப்பந்ததாரரிடம் வசூலிக்க ஒப்பந்தத்தில் இடமுண்டு, நோட்டீஸும் போயிருக்கிறது. அவருடைய பில்களில் காப்பாகப் பிடித்து வைத்திருந்த தொகை அதில் ஒரு பகுதிக்குத்தான் காணும். மீட்ட முன்பணத்தையும் கூடிய செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது பெரிது. ஆனால் பிடித்தத்தை விட்டுக்கொடுத்திருந்தால் அவர் கூரை போட்டிருப்பார் என்பதற்கு யார் உத்தரவாதம்? அந்தப் பணமும் சேர்ந்து போயிருக்கலாம்.

அடுத்து ஒரு நூலகக் கட்டடம் வருகிறது. ஒப்பந்ததாரர் சம்மதித்தால் கம்பிக்கான பணத்தை மன்றமே நேரடியாகக் கடைக்குக் கட்டி, பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிதிக்குழுவில் ஒருவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்: "நாம பணம் கட்டின கம்பி தரமில்லாம போனா, ஒப்பந்ததாரர் பொறுப்புன்னு அப்புறம் எப்படிச் சொல்லுவோம்?" சரியான கேள்வி. வரும் கூட்டத்துக்குள் அதற்கு எழுத்தில் பதில் வைக்க வேண்டும். கம்பி தளத்துக்கு வந்ததும் சோதனைக்கு அனுப்பி, அறிக்கை வந்த பிறகே கடைக்குப் பணம் என்று எழுதிப் பார்த்தேன். அதுவரை கடைக்காரர் காத்திருப்பாரா என்று பொறியாளர் கேட்கிறார்.