முட்டையைக் கொல்வது

"முட்டையை யாராவது கொல்வாங்களா?" ஒரு கவிதையின் தமிழ் மொழிபெயர்ப்பு; அதன் மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த கேள்வி. "மூலத்தில் அப்படித்தான்" என்று பதில் எழுதித் திருப்பி அனுப்பியாயிற்று. பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

ஸ்லொவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டெகரின் 'பொருள்களின் புத்தகம்' 2005இல் வந்தது. முகப்பில் ஒரு கவிதை, பிறகு ஏழு பகுதிகள், பகுதிக்கு ஏழு கவிதைகள், ஆக ஐம்பது. முட்டை, கல், ரொட்டி, உருளைக்கிழங்கு என்று கைக்கெட்டும் சாமான்களே தலைப்புகள். முட்டைக் கவிதை 'வாணலி விளிம்பில் அதைக் கொல்லும்போது' என்று தொடங்குகிறது. சாகும்போது முட்டைக்கு ஒரு கண் முளைக்கிறது. அது சமைப்பவர் கண்ணில் படுவதில்லை.

சிக்கல் அந்த வினைச்சொல்லில். ஸ்லொவேனிய மொழியில் 'உபிதி' என்றால் கொல்லுதல். ஆனால் அந்த ஊர்ச் சமையல் குறிப்புகளில் முட்டையை உடைத்து ஊற்றுவதற்கும் இதே சொல்தான். படிக்கிற யாரும் திடுக்கிடுவதில்லை. ஷ்டெகர் அடுப்படிச் சொல்லை அப்படியே எடுத்து வைக்கிறார். அடுத்த அடியில் 'சாவு' வந்த பிறகுதான் முந்தைய அடி கொலையாக மாறுகிறது. அவர் வழியே இதுதான். 2016இல் கொச்சி பியென்னாலே கலைக் கண்காட்சியில் மண்ணும் சாணமும் கொண்டு ஒரு பிரமிடு எழுப்பினார். வாசல் மெழுகும் சாணம்தான். உள்ளே இருட்டில் நடந்தால் நாடு கடத்தப்பட்ட கவிஞர்களின் குரல்கள்.

தமிழில் 'கொல்லும்போது' என்று போட்டால் அதிர்ச்சி ஓரடி முன்னதாகவே வந்து, அடுப்படி காணாமல் போகிறது. 'உடைக்கும்போது' என்று போட்டால் அடுத்த அடியின் சாவுக்கு வேர் இல்லை. பிரையன் ஹென்றியின் ஆங்கில மொழிபெயர்ப்பும் (2010) கொல்வதையே எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு அந்த நூலுக்குச் சிறந்த மொழிபெயர்ப்பு நூல் விருதும் கிடைத்தது. அந்தத் துணிச்சலில்தான் 'கொல்லும்போது' நின்றது. இரண்டு பழுதில் கவிதையின் இருட்டைக் காப்பாற்றுகிற பழுது மேல் என்பதும் ஒரு நியாயம்தானே.

ஆனால் கல் கவிதையில் எடுத்த முடிவு இதற்கு நேர்மாறு. 'கல்' அங்கே ஆண்பால். ஓர் ஆளைச் சுட்டும் 'அவன்' என்ற சொல்லாலேயே கல்லையும் சுட்டுவார்கள். தமிழில் தயங்காமல் 'அது' என்று போட்டாயிற்று. மூலத்தை வாசிப்பவர் காதில் உறைக்காததை மொழிபெயர்ப்பில் உறைக்க வைக்கக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். அதே காரணம் முட்டைக்குப் பொருந்தாதா? பொருந்தும். பென்சில் கேள்வி கேட்டதும் அதைத்தான்.

'அடி' என்ற சொல் அச்சுக்குப் போன பிறகுதான் தட்டுப்பட்டது. பாம்பை அடித்துவிட்டார்கள் என்றால் பாம்பு செத்தது. முட்டையை அடித்து ஊற்று என்றால் ஆம்லெட். 'வாணலி விளிம்பில் அதை அடிக்கும்போது': அடுப்படியும் இருக்கிறது, சாவுக்கு இடமும் இருக்கிறது. குறையும் இருக்கிறது. முட்டையை அடிப்பது கிண்ணத்தில், கரண்டியால். விளிம்பில் தட்டத்தான் செய்கிறோம். அந்தச் சின்னப் பிசகை வீட்டில் சமைக்கிற எவரும் உடனே பிடித்துவிடுவார்கள்.

ஜெர்மனிலிருந்து கவிஞர்கள் காட்ஃபிரீட் பென், இங்கபோர்க் பாக்மன், ஸ்பானிய மொழியிலிருந்து நெரூதா என்று ஷ்டெகரே மொழிபெயர்த்தவர். இந்தத் தராசு அவருக்கும் பழக்கம்தான். மறுபதிப்புக்கான தாளில் 'கொல்லும்போது' மேல் ஒரு கோடும் பக்கத்தில் 'அடிக்கும்போது'வும் இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் அடித்த சொல்தான் இன்னும் நிற்கிறது.