ப்ளூ கேப் காலைக் காட்டிவிட்டது, ரெட் சீக் இன்னும் இல்லை

ப்ளூ கேப், ரெட் சீக் இரண்டும் நான் கூண்டில் வளர்க்கும் சின்ன ஆப்பிரிக்கக் குருவிகள். ப்ளூ கேப் ஆடும் ஸ்லோமோஷன் வீடியோ மூன்று வாரம் மல்லுக்கட்டி நேற்றுக் காலைதான் கிடைத்தது. ப்ளூ கேப் ஆண் தேங்காய் நார் ஒன்றைக் கவ்விக்கொண்டு, தலையை அண்ணாந்து குச்சியில் எம்புகிறது. எம்பி இறங்கும்போது கால்கள் குச்சியைப் படபடவென்று தட்டுகின்றன. வெறும் கண்ணுக்கு இது சும்மா குதிப்பதாகத்தான் தெரியும். ஜப்பான், ஜெர்மனி ஆய்வாளர்கள் 2015-இல் நொடிக்கு 300 பிரேம் எடுத்துக் காட்டிய சங்கதி. என் போன் 240 வரை போகும்.

குருவியைவிட விளக்குதான் படுத்தியது. எல்இடி வெளிச்சத்தில் எடுத்த ஸ்லோமோஷன் எல்லாம் பழைய டியூப்லைட் மாதிரி மினுக்கியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மட்டமான பல்பு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. பல்பை இரண்டு முறை மாற்றினேன்; விலை கூடியதும் அதே லட்சணம். கடைசியில் பழைய பைக் பேட்டரியில் 12 வோல்ட் எல்இடி பட்டையை மாட்டினேன். துடிப்பு போயே போச்சு. அப்புறம் போகஸ் கூண்டுக் கம்பியிலேயே போய் உட்கார்ந்தது. முன்பக்கக் கம்பியைக் கழற்றி அக்ரிலிக் போட்டேன். இரண்டு நாள் ப்ளூ கேப் ஜோடி கோபித்துக்கொண்டு மூலையில் கிடந்தது.

ரெட் சீக்குக்கும் அதே அளவு கூண்டு, அதே நார். அதுவும் நாரோடு எம்புகிறது. ஆனால் ஆடுவதற்கென்றே பின்மூலைக் கிளையைப் பிடித்துவைத்திருக்கிறது; கால் இலைக்குப் பின்னால். தட்டுகிறதா இல்லையா என்று சொல்ல எனக்கு ஒரு பிரேம்கூட இல்லை.

இந்த ரெட் சீக் ஜோடியை வாங்கியதே ஒரு கூத்து. இரண்டும் குஞ்சுப் பருவம், எதற்கும் கன்னத்தில் சிவப்பு இல்லை; அது வளர்ந்த ஆணுக்குத்தான் வரும். விற்றவர் 'கேரண்டி ஜோடி' என்றார். நான் இரண்டும் பெட்டை என்றே முடிவு கட்டியிருந்தேன். நல்ல காலம், ஒன்றுக்குப் பிறகு சிவந்தது. வளர்ந்த ப்ளூ கேப்பில் இந்தத் தலைவலி இல்லை. ஆணுக்குத் தலை முழுக்க நீலம், பெட்டைக்கு உச்சி பழுப்பு. ரெட் சீக்குக்கு அறிவியல் பெயரே தப்பு: செனகல் முதல் எத்தியோப்பியா வரை திரியும் ஆப்பிரிக்கக் குருவிக்கு 1766-இல் லின்னேயஸ் வைத்தது 'பெங்காலஸ்', அதாவது வங்காளத்துக் குருவி.

அடுத்து, குச்சிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் கிடார் பிக்கப் ஒட்டித் தட்டும் சத்தத்தைப் பிடிக்க ஆசை. பிக்கப்புக்கு ஆர்டர்கூடப் போட்டாயிற்று. ப்ளூ கேப் பெட்டையும் தட்டும் என்று அதே ஆய்வு சொல்கிறது. என் வீட்டுப் பெட்டை இதுவரை நாரைத் தொடவே இல்லை. நாளைக்கு முதல் வேலை, ரெட் சீக் கூண்டில் அந்த இலையை வெட்டுவது.