எல் ரின்கோனில் பெரியவர் சந்நிதி

நேர்த்திக்கடன் இருந்தால் டிசம்பர் 16 மதியமே கியூபாவின் தலைநகர் ஹவானாவிலிருந்து கிளம்பிவிடுங்கள். பொழுது சாய்ந்துவிட்டால் சாந்தியாகோ தெ லாஸ் வேகாஸ் தாண்டி எல் ரின்கோன் போகும் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. நள்ளிரவு கடந்து 17 பிறக்கையில், பெரியவர் என்று நாங்கள் அழைக்கும், நோய் தீர்க்கும் புனிதர் சான் லாசரோ முன்னால் நிற்கத்தானே அத்தனை கூட்டமும் வருகிறது!

முழங்காலில் ஊர்ந்து வருகிறவரைத் தனியே விடக்கூடாது. ஒருவர் இலைக்கொத்தால் முன்னே சாலையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இன்னொருவர் தண்ணீரோடு பக்கத்தில். கணுக்காலில் கல் கட்டி இழுப்பவர்கள் முதலில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சங்கிலி நேரே தோலில் உரசினால் பாதி வழியிலேயே புண்ணாகிவிடும். மெழுகுவர்த்தி, ஊதாப் பூ, சுருட்டு எல்லாம் முன்பே வாங்கி வையுங்கள், வாசலில் வாய்க்கு வந்த விலை சொல்வார்கள். பெரியவர் படத்தைப் பெட்டியில் வைத்துக் காசு குலுக்குகிறவர்களில் கடன் தீர்ப்பவர் யார், வசூலுக்கு வந்தவர் யார் என்று அவருக்கே வெளிச்சம். ஊர்ந்து வருகிறவரின் முகத்துக்கு நேரே நின்று படம் எடுக்கிறார்களே, அதுதான் பொறுக்க முடியாத பாவம்.

பக்கத்திலேயே தொழுநோய் மருத்துவமனை. 1998 ஜனவரியில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் நோயாளிகளைச் சந்திக்க இங்கேதான் வந்தார்.

கோயிலில் கும்பிட்டதோடு முடியாது. அவரே யொருபா மக்களின் நோய்த் தெய்வம் பாபாலு அயேயாக எழுந்தருள்வது பக்தர் வீடுகளில், பாத்தா முழவுகளின் முன்னால். ஒக்கோன்கோலோ, இத்தோதெலே, இயா என முழவுகள் மூன்று. பெரிய இயாதான் மற்ற இரண்டையும் வழிநடத்தும். பெரியவர் பெயர் பாட்டில் வந்ததும் எல்லோரும் தரையைத் தொட்டு விரலை முத்தமிடுகிறார்கள். பிறகு அவர் இறங்கிய பக்தரின் ஆட்டம்: முதுகு கூன, முழங்கால் தாழ, ஒரு கை மார்போடு முடங்கிக் கிடக்கிறது. மறு கை புண்ணைத் துடைக்கிறது, ஈ ஓட்டுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா நாடு அவரை விரட்டியதும், நாய்கள் மட்டும் கூட வந்ததும், அண்டையிலிருந்த அராரா மண் அவரை அரசராக ஏற்றதும் வாய்ச்சொல் இல்லாமலே கண்ணெதிரே நடக்கின்றன.

நொண்டல் தாளத்துக்குள் விழ வேண்டும். பயில்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்: வலியைக் காட்டும் அவசரத்தில் அடியைத் தவறவிடுவார்கள், அல்லது பாதியில் நோயுற்ற காலை மாற்றிவிடுவார்கள். பாரமெல்லாம் நல்ல காலில் நிற்க, மற்றது கடைசிவரை இழுபட வேண்டும். 1962இல் தொடங்கிய கியூபா தேசிய நாட்டார் கலைக்குழு இதை மேடையிலும் அழகாக ஆடுகிறது. ஆனாலும் வீட்டு முற்றத்தில் அவரே இறங்கி வந்து, 'ஹா' என்னும் பனையோலை நரம்புத் துடைப்பத்தால் நம் தலை முதல் கால் வரை வருடி நோவைக் கூட்டித் தள்ளும்போது உடம்பு நடுங்கும், கண்ணீர் தானாகக் கொட்டும்.

ஆவான் என்னும் நோவு நீக்கும் சடங்கு வைக்கும் வீடாக இருந்தால் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு பிடி தானியம் எடுத்து உடம்பில் தடவிக் கூடையில் போடுங்கள். ஒரு தட்டையும் விடாதீர்கள், தடவியது எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நோயைத் தருகிறவரும் நீர், எடுத்துக்கொண்டு போகிறவரும் நீர். படுக்கையிலிருந்து எழுந்த பிள்ளைகளுக்காக, மறுபடி நடக்கும் கால்களுக்காக, உம் பெயரைச் சொல்ல மிச்சமிருக்கும் மூச்சுக்காக நன்றி, பெரியவரே, கோடி நன்றி!