கொடுமுடிக் குரல்

எங்கள் வீட்டில் கே.பி. சுந்தராம்பாள் என்றால் 'பழம் நீயப்பா'தான். 'திருவிளையாடல்' ஔவையாரோடு அப்பா நிறுத்திக்கொள்வார். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் பிடிக்கும். ரயிலில் பாட்டுப் பாடிக் காசு வாங்கிய கொடுமுடிச் சிறுமி நாடக மேடைக்குப் போகிறார், நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு மேடையிலும் வாழ்க்கையிலும் ஜோடி சேர்கிறார். 1933-இல் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு 25 வயதுதான். அதன்பின் வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. ஆண்களோடு ஜோடியாக நடிக்கவே இல்லை. அப்புறம் 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அந்தக் காலத்து லட்சம், யோசித்துப் பாருங்கள். காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், 1951-இல் சென்னை சட்ட மேலவைக்கும் போனார். சினிமாக்காரர்கள் கோட்டைக்குப் போன வரலாறு எம்.ஜி.ஆரிலிருந்து தொடங்குவதாகச் சொல்பவர்களிடம் நான் சண்டைக்கே போய்விடுவேன்.