பதவி, ஏணி, அழித்த சொல்: மூன்று குறள் வெண்பா எழுதிப் பார்த்த விதம்

அதிகாரம், ஆசை, படைப்பு என்ற மூன்றைப் பற்றியும் உரைநடையில் எழுத உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக ஓடும். ஏழே சீரில் அடக்கப் பார்த்தால் சொல்ல வந்தது என்ன என்பது தெரிந்துவிடும். எடுத்துக்கொண்ட வடிவம் குறள் வெண்பா: முதலடியில் 4 சீர், இரண்டாமடியில் 3 சீர். சீர் அசைகளால் ஆனது: தனிக் குறிலோ நெடிலோ நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை, பின்வரும் மெய் கணக்கில்லை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் விதி தளை: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். கனிச்சீர் கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் (அசை அமைப்பைக் காட்டும் மாதிரிச் சொற்களில்) ஒன்றாக முடிய வேண்டும்.

முதலில் கைவசமுள்ள சொற்களை அலகிட்டு (அசை பிரித்து) வைப்பது நல்லது. ‘அதிகாரம்’ புளிமாங்காய் (நிரை நேர் நேர்), ‘பேராசை’ தேமாங்காய் (நேர் நேர் நேர்). இரண்டுமே ஈற்றில் நிற்காது, அடுத்த சீரையும் நேரில் தொடங்கச் சொல்லும். ‘படைப்பு’ அப்படியே பிறப்பு வாய்பாடு, ஈற்றுக்குத் தோதான சொல். பதவி புளிமா (நிரை நேர்). அதிகாரத்தை விடப் பதவியே கைக்கு அடக்கம் என்பதால் அதிலிருந்து தொடக்கம்.

முதல் வரைவு: ‘பதவி வரும்போது பாதைபல தோன்றும்’. காதுக்கு ஒன்றும் உறுத்தாது. ஆனால் பா/தை/பல என்பது நேர் நேர் நிரை, தேமாங்கனி. சீரைப் பிரிக்கும் இடத்தை மாற்றி ‘பாதை பலதோன்றும்’ என்றால் தளை சரியாகிவிடும். சிக்கல் அடுத்த அடியில் வந்தது. ‘பலதோன்றும்’ காய்ச்சீர், ஆகவே இரண்டாமடி நேரில் தொடங்க வேண்டும். பதவிக்கு எதுகையாகும் (இரண்டாம் எழுத்து ஒத்துவரும்) உதவி, கதவு, முதல், விதி எல்லாமே நிரையில் தொடங்குபவை. குறிலை அடுத்து உயிர்மெய் வந்தால் நிரைதான், தப்பவே முடியாது. எதுகைச் சொல்லை எவ்வளவு தேடினாலும் பயனில்லை. மாற்ற வேண்டியது முதலடியின் கடைசிச் சீரை. ‘பலவாம்’ என்று புளிமாவாக்கியதும் வழி திறந்தது:

பதவி வரும்போது பாதை பலவாம்
கதவொன்றே போகும் பொழுது.

‘கதவு ஒன்றே’ என்று பிரித்து எழுதினால் மாமுன் நேர் வந்து தளை தட்டும். புணர்த்தினால் புளிமாங்காய், ‘போகும்’ நேரில் தொடங்குவதால் பொருந்திவிடுகிறது. பதவி, கதவு இரண்டிலும் மூன்றாம் எழுத்துவரை ஓசை ஒத்தது தானாக அமைந்த லாபம்.

இரண்டாவது, ஆசை. ‘ஏறிய ஏணியை உதைத்தவன்’ என்று தொடங்கினால் ‘ஏணியை’ கூவிளம் (நேர் நிரை), ‘உதைத்தவன்’ நிரையில் தொடங்குகிறது, தட்டும். நடுவில் நேரில் தொடங்கும் மாச்சீர் ஒன்று தேவை. ‘எட்டி’ தேமா (நேர் நேர்). இட்டு நிரப்பிய சொல் போலவும் இல்லை, எட்டி உதைப்பது பேச்சுவழக்கிலேயே உள்ளது, மோனையும் (முதலெழுத்து ஒப்புமை) கிடைக்கிறது:

ஏறிய ஏணியை எட்டி உதைத்தவன்
வேறேணி தேடுவான் வீழ்ந்து.

மூன்றில் இதுதான் தேறியது. ‘வீழ்ந்து’ காசு வாய்பாடு. விழுந்தான் என்ற செய்தி கடைசிச் சீர்வரை தள்ளிப்போவதால் அடி கனமாக விழுகிறது. இதையே உரைநடையில் எழுதினால் விழுந்ததை முதலில் சொல்லி விடுவோம்.

மூன்றாவது, படைப்பு. ‘எழுதி அழித்தவை ஏட்டில் இரா’ என்பதில் ‘இரா’ ஓரசைச் சீர். அது பாட்டின் ஈற்றில் மட்டுமே வரலாம். ஒருமைக்கு மாற்றினால்:

எழுதி அழித்தசொல் ஏட்டில் இராது
முழுதுமே நிற்கும் மனத்து.

தளை தட்டவில்லை. ஆனாலும் அரைகுறை. ‘முழுதுமே’யில் உள்ள ஏகாரம் விளச்சீர் வேண்டி ஒட்டியது, அதை எடுத்தால் புளிமாமுன் ‘நிற்கும்’ வந்து தட்டும். ‘மனத்து’ இலக்கணப்படி சரிதான், இன்று மனத்தில் என்றுதான் சொல்கிறோம். யாப்புக்காகப் பழைய வடிவத்துக்குப் போவது எளிது. ‘அரோ’, ‘மாதோ’ போன்ற, பொருளின்றி இடம் நிரப்பும் அசைச்சொல்லைச் செருகுவது அதைவிட எளிது, அதைவிட மோசமும்கூட. இந்தக் குறளைக் கலைத்துத் ‘படைப்பு’ என்று முடியும்படி மறுபடி கட்ட வேண்டும்.

மென்பொருளில் இட்டு அலகிடலாம். தளைப் பிழையை அது காட்டும், ஒட்டுப்போட்ட ஏகாரத்தைக் காட்டாது. அதற்கு வாய்விட்டு இரண்டுமுறை படிக்க வேண்டும்.

அடுத்தது ஏணிக் குறளை நான்கடி நேரிசை வெண்பாவாக விரிப்பது. இரண்டாமடியின் நான்காம் சீர் தனிச்சொல்லாக நின்று முதலிரண்டு அடிகளின் எதுகையை ஏற்க வேண்டும். ‘மாறி’, ‘கூறி’, ‘சீறி’ மூன்றும் தேமா. மூன்றாமடி நிரையில் தொடங்கியாக வேண்டும்.