பன்னிரண்டு பதினேழு

அந்த எண்ணெய் டின்னின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பதினைந்து கிலோ கடலை எண்ணெய் டின். எங்கள் அறிவியல் ஆசிரியர், எங்களுக்கு எப்போதும் 'சார்', மளிகைக் கடையில் சொல்லிவைத்து வாங்கி, சீயக்காய் போட்டுத் தேய்த்து, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தார். 1988. நான் ஒன்பதாம் வகுப்பு. மதுரை பக்கம் ஒத்தக்கடையில் நம் பள்ளி வகுப்பு ஜன்னலைத் திறந்தால் யானைமலை தெரியும். ஆய்வக அலமாரி மேல்வகுப்பு அண்ணன்மார்களுக்கு. எங்களுக்கு வேப்பமரத்தடியும் அந்த டின்னும்தான்.

டின்னின் ஒரு பக்கத்தில் மேலே, நடுவே, கீழே என்று சம இடைவெளியில் மூன்று ஓட்டை போட்டோம். ஒரே ஆணி, ஒரே அளவு. அடித்ததும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பிசிறுகளை அரம் வைத்துத் தேய்க்கச் சொன்னார். பிசிறு இருந்தால் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும் என்றார்.

"புஸ்தகத்துல என்னடா போட்டிருக்கு?"

"கீழ் ஓட்டைத் தண்ணிதான் ரொம்பத் தூரம் போகும் சார்."

"ஏன்?"

"ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் சார்."

"சரி, ஊத்துங்க."

டின்னைத் தரையில் வைத்தோம். மூன்று பேர் விரலால் ஓட்டைகளை அடைத்துக்கொண்டோம். கீழ் ஓட்டை என்னுடையது, குந்தி உட்கார்ந்திருந்தேன். நான்காவது பையன் வாளியால் ஊற்றி, டின் தளும்பியபடியே இருக்கும்படி பார்த்துக்கொண்டான். சார் கை தட்டியதும் விரலை எடுத்தோம்.

நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரமாகப் போனது. மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்து ஒரே ஈரத் திட்டை உண்டாக்கின. நாங்கள்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி ஊற்றினோம். மூன்றாவது முறையும் அதேதான். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. புத்தகம் தப்பு என்று அவர் சொல்லவில்லை. "டின்னைத் தூக்கிக் காம்பவுண்டு சுவர் மேல வைங்க" என்றார்.

நாலடிச் சுவர். அங்கிருந்து விட்டால் கீழ் ஓட்டைத் தண்ணீர் மற்ற இரண்டையும் தாண்டிப் போய் விழுந்தது. புத்தகத்துப் படம் போலவே.

அரை மணி நேரம் எங்களைப் பேசவிட்டுத்தான் வாய் திறந்தார். "கீழ இருந்து கிளம்புற தண்ணிக்கு வேகம் ஜாஸ்திதான்டா. ஆனா பறக்க அதுக்கு நேரம் எங்க இருக்கு? கிளம்பின உடனே தரை வந்துருதே. மேல இருக்கிறதுக்கு நேரம் இருக்கு, வேகம் இல்ல. நடுவுல இருக்கிறதுக்கு ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு." சுவர் மேல் வைத்தால் எல்லாத் தண்ணீருக்கும் விழ நேரம் கிடைக்கிறது, வேகமுள்ளது ஜெயிக்கிறது. பின்னால் பாலிடெக்னிக்கில் இதற்குச் சூத்திரம் படித்தபோது எனக்கு அது புதிதாகவே படவில்லை.

"பரீட்சையில என்ன சார் எழுதுறது?" என்று ஒருவன் கேட்டான். "டின்னை உயரமான ஸ்டூல் மேல வச்சுப் படம் போடு. மார்க்கும் வரும், பொய்யும் இல்ல" என்றார்.

அடுத்த வாரம் ஊர்க் கண்மாய்க்கு நடத்தியே கூட்டிப் போனார். கரை ஏன் அடியில் அவ்வளவு அகலம் என்று கேட்டார். டின்னைப் பார்த்துவிட்ட எங்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் கண்மாய் பெரிதானால் கரையும் பெரிதாக வேண்டுமா என்பதில் தடுமாறினோம். மடை திறக்கும் பெரியவர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். "தண்ணி எம்புட்டுத் தூரத்துக்குக் கெடந்தாலும் கரைக்குக் கவலையில்ல தம்பி. எம்புட்டு ஆழம்கிறதுதான் கணக்கு" என்றார். சார் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி வந்து கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபை டின்னோடு பொருத்திக் காட்டினார். சுண்டுவிரல் தடிமன் டியூபிலும் டின்னிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது.

இதற்கெல்லாம் மேலாக நான் நினைத்துக்கொள்வது 1989 ஏப்ரல் 15. சித்திரை பிறந்த கையோடு வந்த சனிக்கிழமை. லீவு நாளில் வரச் சொன்னதால் பாதிப் பேர் வரவில்லை. வந்த பதினாலு பேருக்கும் சார் வீட்டிலிருந்து பானகம்.

மதுரையில் வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சி வேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். வகுப்பில் ஒருவனுடைய அப்பா கொத்தனார். அவன் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டு வந்தான். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டோம். பன்னிரண்டு மணிக்கு நிழல் இருந்தது. "பன்னெண்டாச்சே சார்?" என்றோம். நம் கடிகாரம் ஓடுவது 82½ பாகை தீர்க்கரேகைக் கணக்கில், மதுரை அதற்கு மேற்கே 78 பாகை சொச்சத்தில் இருக்கிறது, பாகைக்கு நாலு நிமிஷம் என்று மண்ணில் எழுதிக் காட்டினார். பன்னிரண்டு பதினேழுக்குக் குச்சியின் நிழல் குச்சிக்குள்ளேயே போய்விட்டது. எங்கள் நிழல்கள் காலடியில் சுருண்டு கிடந்தன. ஒருவன் ஓடிப்போய்ப் பள்ளிக் கிணற்றை எட்டிப் பார்த்து, "சார், அடி வரைக்கும் வெளிச்சம்!" என்று கத்தினான்.

அதற்காகவே காத்திருந்ததுபோல, எகிப்தில் சையீன் நகரத்துக் கிணற்றின் கதையைச் சொன்னார். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் அந்தக் கிணற்றையும் அலெக்சாண்டிரியாவில் விழுந்த நிழலையும் வைத்து உலகத்தின் சுற்றளவைக் கணக்கிட்டார். நமக்கு மதுரைதான் சையீன், மெட்ராஸ் அலெக்சாண்டிரியா. மெட்ராஸிலிருந்த தன் தம்பிக்கு முன்கூட்டியே இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தார். அங்கே உச்சி 12.09-க்கு, அங்கேயும் ஒரு மீட்டர் குச்சி நட்டு, பன்னிரண்டிலிருந்தே நிழல் முனையைக் குறித்துக்கொண்டே வந்து மிகக் குறைந்த அளவை எடுக்க வேண்டும்.

பதில் வர நாலு நாளானது. நிழல் வடக்கே, 5.6 சென்டிமீட்டர். லாக் டேபிள் புத்தகத்தில் 3.2 பாகை வந்தது. அட்லஸில் இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்காக உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தோம்: 350 கிலோமீட்டர். 3.2 பாகைக்கு 350 என்றால் முழு வட்டத்தின் 360 பாகைக்கு எவ்வளவு? பெருக்கி வகுத்தால் 39,375. உண்மையான சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். துவரங்காட்டிலும் தெருக்கடையிலும் அப்பாவுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்த பயல்கள் நாங்கள். குச்சி நட்டு உலகத்தையே அளந்துவிட்டோம் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யும் பெட்டிகள் கிடைக்கின்றன. நானும் என் மகளுக்கு வாங்கித் தந்திருக்கிறேன், நல்ல பெட்டிகள்தான். ஆனால் அவற்றில் எல்லாப் பாகமும் கச்சிதமாகப் பொருந்துகிறது, என்ன வரும் என்று அட்டையிலேயே படம் இருக்கிறது. புத்தகம் சொன்னது நடக்காமல் போய், மூன்று முறை ஊற்றிப் பார்த்த அந்த அரை மணி நேரம் அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

சாரைக் கடைசியாகப் பார்த்தது 2009-இல், லீவில் ஊருக்குப் போனபோது. படுக்கையில் இருந்தார். வேலை, சம்பளம் எதையும் கேட்கவில்லை. "அங்கிட்டுச் சித்திரையில உச்சி நிழல் எந்தப் பக்கம்டா விழுது?" என்றார். பத்து வருஷமாக இங்கே இருந்தும் நான் பார்த்ததில்லை. "பாத்துட்டு எழுது" என்றார். திரும்பி வந்து பார்த்து எழுதினேன். கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அம்மா (சாரின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போனில் சொன்னார்கள். அந்த வருஷமே சார் போய்விட்டார்.

மெட்ராஸில் வடக்கே விழுந்த நிழல் இங்கே தெற்கே விழுகிறது. ஏப்ரல் 15 அன்று சிங்கப்பூரில் உச்சி மதியம் 1.05-க்கு. ஒரு மீட்டர் குச்சிக்குக் கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் நிழல். ஒத்தக்கடைக்கும் இங்கேயும் தெற்கு வடக்காக ஏறக்குறைய 950 கிலோமீட்டர். வரும் சித்திரையில் நம் பழைய மாணவர் சங்கத்துப் பிள்ளைகளோடு எங்கள் புளோக் பக்கத்துக் கூடைப்பந்துத் திடலில் குச்சி நடப்போகிறேன். அதே நாளில் நம் பள்ளி மைதானத்தில் இப்போது படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பதினேழுக்கு ஒரு குச்சி நட வேண்டும். பள்ளியோடு தொடர்பில் இருப்பவர்கள் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டுச் செயலாளரிடம் சொல்லுங்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் நான் அனுப்பி வைக்கிறேன்.